ஒன்றரை ஆள் நீளம்

“குதிங்காலை இறக்குங்க.”

வந்தவர் இறக்கவில்லை. நன்னிலம் கடைத்தெருவில், மோட்டார் காயில் கட்டும் கடையின் நிலைக்காலில் முதுகை ஒட்டி, மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தூண்டில் கோல் வாங்க வந்தவர். கடைக்காரர் குழந்தைராஜ், காயில் சுற்றும் மரக்கட்டையை அவர் உச்சந்தலையில் படுக்கவைத்தபடியே, தன் கால் பெருவிரலால் அவருடைய குதிங்காலுக்கு அடியில் துழாவிப் பார்க்கிறார். பெருவிரல் தாராளமாக உள்ளே போகிறது.

“கீழ எலி பூந்து போவும் போலருக்கு. இறக்குங்கங்கிறேன்ல.”

குதிங்கால் இறங்குகிறது. அடுத்தது முடி. இப்போதெல்லாம் முன்மயிரைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். அதை உயரத்தில் சேர்த்துக்கொள்ளும் ஆளில்லை குழந்தைராஜ். கட்டையை அழுத்துகிறார். மண்டை தட்டுப்பட்ட பிறகுதான் காதிலிருந்து பென்சிலை எடுத்து நிலையில் கோடு போடுகிறார். பிறகு, டாக்டர் மாதிரி, வயிற்றில் இரண்டு விரலை வைத்து அமுக்கிப் பார்க்கிறார்.

“அஞ்சடி ஏழு. சேத்துக்குக் கழிச்சது போக உங்களுக்கு எட்டடிக் கோலு.”

“எனக்குப் பன்னெண்டடி வேணும்.”

“வாங்கிட்டுப் போயி வாழைத்தாருக்கு முட்டுக் குடுங்க. மீன் புடிக்க எட்டடி.”

பத்தில் ஆறு பேர் முனகிக்கொண்டே எட்டடியை வாங்கிப் போவார்கள். மற்றவர்கள் பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தத்திலேயே அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஐம்பத்தெட்டு வயதான குழந்தைராஜுக்கு இரண்டு தொழில்கள். இரண்டையும் முறைபோட்டு நடத்துவது மேட்டூர் அணை. ஆறு காய்ந்து கிடந்தால் போர் மோட்டார்கள் ராப்பகலாக ஓடிக் கருகும். கருகியதைத் தோளில் தூக்கிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். தண்ணீர் திறந்து வாய்க்காலில் நுரை ஓடத் தொடங்கிவிட்டால் மோட்டாருக்கு ஓய்வு. அதே விவசாயிகள் வெறுங்கையோடு வந்து, கடையின் பக்கவாட்டில் சாய்த்திருக்கும் மூங்கில் கோல்களையும், உருவி நீட்டுகிற சீனாக் கோல்களையும் தடவிப் பார்ப்பார்கள். “தண்ணி வந்தா கோலு, வரலன்னா காயிலு. எப்படிச் சுத்துனாலும் நம்ம கடைக்குத்தான் வந்தாவணும்” என்பார்.

கோலின் நீளத்தை மீனோ ஆறோ தீர்மானிப்பதில்லை, பிடிக்கிற ஆளின் உயரம்தான் தீர்மானிக்கிறது என்பது அவர் கட்சி. ஒன்றரை ஆள். ஆள் உயரம், அதற்கு மேல் அரை ஆள். அவ்வளவுதான். “கோலோட அடி முழங்கையில ஒக்காரணும், நுனி தக்கைக்கு மேல நிக்கணும். ஆளு குட்டையா இருந்து கோலு நெட்டையா இருந்திச்சின்னு வைங்க, மீன் கடிக்கிற சேதி கைக்கு வந்து சேர்றதுக்குள்ள அது புழுவைத் தின்னுட்டு வாய் கொப்புளிச்சிட்டுப் போயிடும்.” இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், “கடிக்கிற மீனைக் கேளுங்க” என்பார்.

இந்தக் கொள்கைக்கு ஒரே ஒருமுறை ஆட்டம் வந்தது. அவர் மனைவி செபஸ்தியம்மாள், கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: “ஏங்க, நீங்க சிமெண்டுத் தரையில நிக்க வச்சி அளக்குறீங்க. அவங்க சிமெண்டுலயா நின்னு மீன் புடிக்கிறாங்க? வாய்க்கா சேத்துலல்ல பொதைஞ்சு நிக்கிறாங்க?”

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. சேற்றில் நிற்கிறவன் ஒரு சாண் குள்ளமாகிவிடுகிறான். அப்படியானால் இதுவரை விற்ற கோல்கள் அத்தனையும் நீளம் கூடுதல். நன்னிலம் வட்டாரம் முழுக்கத் தப்பான கோல்களோடு அலைந்துகொண்டிருக்கிறது! ஒரு வாரம் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கவே கூசினார். பிறகு, நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்குக் கழிப்பார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்து தெளிந்தார். ஒல்லியான ஆள் என்றால் நாலு விரல் கழிவு. தொந்தி இருந்தால் ஒரு சாண், கனத்த ஆள் கூடுதலாகப் புதைவார். அன்றிலிருந்துதான் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் பழக்கம்.

“அண்ணே, கோலு வாங்க வர்றவனை போலீஸ் வேலைக்கு வந்தவன் மாதிரி நிக்க வைக்கிறீங்க” என்பார் பக்கத்துச் செல்போன் கடை ஜாபிர். “அடுத்து ரத்தம் எடுப்பீங்களா?”

“ஒன்ன மாதிரி எல்லாருக்கும் ஒரே அளவு கவர் போட்டு விக்கிறவன் இல்ல தம்பி நானு.”

கடையின் நிலைக்கால் பார்க்க வேண்டிய பொருள். மற்ற வீடுகளில் குழந்தைகள் வளர வளரக் கோடு போட்டு வைப்பார்கள். இங்கே கோடுகளுக்கு நேரே இருப்பவை மீசை வைத்த ஆண்களின் பெயர்கள். இனி வளர வாய்ப்பில்லாதவர்கள். பஞ்சநதம் என்றொரு மிராசுதார், போன வருஷத்தைவிட ஒரு அங்குலமாவது கூடியிருக்கும் என்ற நம்பிக்கையில் வந்து நின்றார். குழந்தைராஜ் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, “ஒரு நூல் கொறைஞ்சிருக்கீங்க. ஒடம்பைப் பாத்துக்குங்க” என்றார். பஞ்சநதம் நேராகக் கும்பகோணம் போய்ப் பதினைந்தடிக் கோல் வாங்கினார். அதை டிவிஎஸ் ஐம்பதில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு தினம் இந்தக் கடை வழியாகவே போய்வருகிறார். “கோலா அது? கொடிமரம். மாதா திருவிழாவுக்குக் கொடியேத்தலாம்” என்று குழந்தைராஜ், காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்.

யாருக்காகவும் அரை அங்குலம் விட்டுக் கொடுக்காத இந்த மனிதருக்குத்தான் இந்த ஆடி மாதம் சோதனை வந்தது.

ஒரே மகள் ஃபிளோரா. காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கேயே எக்ஸ்ரே எடுக்கும் கிளாட்சனை அவளுக்குப் பிடித்துப்போய், வீட்டில் வந்து சொன்னாள். பொறையார்ப் பையன், லுத்தரன் குடும்பம். செபஸ்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தயங்கிக்கொண்டிருக்க, குழந்தைராஜ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“பையன் ஒசரம் என்ன?”

“ஆறடிப்பா.”

“ஆறடியா... எட்டரையடிக் கோலு” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் அவர் சம்மதம்.

முட்டுக்கட்டை பையனின் அப்பா. பெயர் செல்லதுரை. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கப் பெண்ணா, எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்றெல்லாம் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, “ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்ற அளவுக்கு இறங்கியிருந்தார். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றது. சனிக்கிழமை ஃபிளோரா அப்பாவை உட்காரவைத்துப் பேசினாள்.

“ப்பா, அவரு கொஞ்சம் ஒயரம் கம்மி. அதைப் பத்தி யாரு பேசினாலும் எழுந்து போயிடுவாரு. கிளாட்சனோட அக்காவுக்கு வந்த ஒரு நல்ல எடம் அப்படித்தான் போச்சாம். ‘சின்ன நாற்காலியா போடவா’ன்னு கேட்டிருக்காங்க. கையக் கழுவிட்டு வந்துட்டாராம்.”

“எவ்வளவு கம்மி?”

“அப்பா!”

“இல்லம்மா, சும்மா கேட்டேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நானே அஞ்சடி ரெண்டு. மீன் என்னை நிமிந்தா பாக்குது?”

“மீன் வரலப்பா. அவரு வராரு.”

செபஸ்தியம்மாள் இன்னும் கறாராக இருந்தார். “கோலு, அடி, அங்குலம், கழிவு. இந்த நாலு வார்த்தையும் நாளைக்கு ஒங்க வாயிலேருந்து வரக் கூடாது. வந்திச்சி, நான் வேளாங்கண்ணிக்குப் போயி அங்கயே இருந்துக்குவேன்.” நிலைக்கால் கோடுகளை மறைக்க மாதா காலண்டரை மாட்டினார். உயரமானவர்கள் மறைந்தார்கள், குள்ளமானவர்கள் காலண்டருக்குக் கீழே வரிசையாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு ஒரு துண்டைத் தொங்கவிட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவும் மகனும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். செல்லதுரை கனத்த உடம்பு, நல்ல நிறம், கறுப்புச் சாயம் மாறாத மீசை. பேருந்தின் மேல்கம்பியை எட்டிப் பிடிக்க முடியாமலேயே முப்பது வருஷம் ஓடுகிற வண்டியில் கால்களை அகற்றி நின்றவர். தரையிலும் அப்படியே நின்றார். வாசலில் ஷூவைக் கழற்றினார். தடித்த அட்டை வைத்த ஷூ. கழற்றியதும் ஆள் மூன்று விரல்கடை கீழே போனதை குழந்தைராஜின் கண் பார்த்துவிட்டது. அவர் சட்டென்று கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகூப்பி, “வாங்க, வாங்க” என்றார். செல்லதுரை அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பாடு சிறப்பாக நடந்தது. மட்டன் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார் செல்லதுரை. எந்த நாற்காலியும் பேச்சுக்கு வரவில்லை. குழந்தைராஜ் நாக்கைக் கட்டிப்போட்ட நிலையில் “ம்”, “ஆமாங்க”, “அப்படிங்களா” என்ற மூன்றோடு சமாளித்துக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தட்டு வந்தபோது விருந்தாளியே ஆரம்பித்தார்.

“தரங்கம்பாடியில, கடலுக்குள்ள கருங்கல் கொட்டி வச்சிருக்கான் பாருங்க, தூண்டில் வளைவு, அதுமேல நின்னு தூண்டி போடுறவன் நானு. பதினாறடிக் கோலு. வீசுனா அலைக்கு அந்தாண்ட போயி விழும். நீங்க கோலு விக்கிறீங்களாமே? இந்த வாய்க்கா மீனுக்கெல்லாம் எதுக்கு கோலு, வேப்பங்குச்சி போதாது?”

“ஆமாங்க” என்றார் குழந்தைராஜ். நெற்றியில் வியர்த்துவிட்டது.

“வாங்க, ஒரு கை போட்டுப் பாப்போம்.” சொல்லிக்கொண்டே எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார். கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுழற்றினார். “இதான் பெருசா? இதைவிடப் பெருசு இல்ல?”

குழந்தைராஜ் வாயைத் திறந்தார். அடுக்களையில் ஒரு பாத்திரம் ‘டணார்’ என்று விழுந்தது. தவறி விழுந்த சத்தமில்லை அது.

“இருக்குங்க” என்றார்.

பரணிலிருந்து அந்தப் பதினாறடிக் கோலை இறக்கினார். சரக்குக் கட்டில் தவறுதலாக வந்தது. அதை யாருக்கும் அவர் விற்றதில்லை. அவர் கணக்குப்படி அதைப் பிடிக்கப் பத்தே முக்கால் அடி உயரத்துக்கு ஒரு ஆள் வர வேண்டும்.

மதகுக்குக் கீழே வாய்க்கால் அகன்று ஒரு மடுவாகத் தேங்கும் இடம். கரையில் ஒரு புங்கமரம் தண்ணீர் மேல் கவிந்து நிற்கிறது. கிளாட்சன் வரப்பிலேயே நின்றுகொண்டான். செல்லதுரை பேண்ட்டை மடித்துவிட்டு ஓரத்துச் சேற்றில் காலை வைத்தார். கணுக்கால் போனது. ஆடுசதை போனது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பக்கத்தில் தன்னுடைய ஏழடிச் சில்லறை மூங்கில் கோலோடு நின்ற குழந்தைராஜின் மனம் அவர் அனுமதியில்லாமலேயே கணக்குப் போட்டது. அஞ்சடி ஒன்று. தொந்திக்கு ஒரு சாண் கழிவு. மிச்சத்துக்கு ஒன்றரை மடங்கு. ஆறரையடி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற நீளம்! உதட்டைக் கடித்துக்கொண்டார்.

முதல் வீச்சில் பதினாறடிக் கோல் புங்க இலைகளைக் கொத்தாக உதிர்த்தது. இரண்டாவதில் முள் பின்பக்கமாகப் போய் கிளாட்சனின் சட்டைக் காலரில் மாட்டியது. அவன் சத்தமில்லாமல் எடுத்து விட்டுவிட்டு, எதிர்க்கரைக் கொக்குகளை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினான். மூன்றாவது வீச்சில் தூண்டில் நரம்பு, மரத்தின் உச்சிக் கிளையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டது. செல்லதுரை இழுத்தார். மரம் இழுத்தது. கால் சேற்றில் இன்னும் இரண்டு விரல் இறங்கியதுதான் மிச்சம்.

“ஆத்தங்கரையில எவனாவது மரம் வைப்பானா?” என்றார். குரல் மாறியிருந்தது. கிளாட்சன் கொக்குகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. “எல்லாரும் சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. கிளாட்சா, பொறப்படு. நாலு மணிக்கு பஸ்ஸு இருக்கு.”

“அப்பா, அவங்க கிட்ட ஒண்ணும் சொல்லலியே...”

“ஊருக்குப் போயி சொல்லிக்கலாம்.”

ஊருக்குப் போய்ச் சொன்னால் என்ன சொல்வார் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஃபிளோரா வீட்டில் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து குழந்தைராஜின் தக்கை மெல்ல ஒருமுறை தலையசைத்தது. சின்ன மீன் என்றால் படபடக்கும். இது நிதானமாக யோசிக்கிற மீன்.

குழந்தைராஜ் தக்கையைப் பார்த்தார். சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம் இதைப் புடிங்க” என்று பதினாறடியை வாங்கி மரத்தில் சாய்த்துவிட்டு, தன் கோலை அவர் கையில் திணித்தார். “நான் ஏறி அந்த முள்ளை எடுத்தாந்துடுறேன். நல்ல முள்ளுங்க அது, விட மனசு வரல.”

மறுவார்த்தைக்கு இடம் கொடுக்காமல், மனைவி இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்திருந்த வெள்ளை வேட்டியோடு மரத்தில் ஏறினார். பாதி ஏறியதும் கீழே பார்த்தார். கோலின் அடி, செல்லதுரையின் முழங்கையில் தானாகப் போய் உட்கார்ந்திருந்தது. நுனி தக்கைக்கு நேர் மேலே. கழிவில் கொஞ்சம் தாட்சண்யம் காட்டினால் பொருந்தக்கூடிய அளவுதான். தக்கை மறைந்தது.

“தூக்குங்க!”

செல்லதுரை தூக்கினார். முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், வாலால் வெயிலை அடித்துக்கொண்டு நேராக அவர் நெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டார். சட்டை முழுக்கச் சேறு.

“சம்பந்தி! பாத்தீங்களா சம்பந்தி!”

கிளாட்சன் கொக்குகளை விட்டுவிட்டான். மரத்தின் மேலிருந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு கணம் கிளையை விட்டுவிடப் பார்த்தார்.

“நான் சொன்னனா இல்லியா, பெரிய கோலு வேணும்னு?” என்றார் செல்லதுரை மேலே பார்த்து. “பதினாறடிக் கோலு அந்தப் பக்கம் அடிச்ச அடியில பயந்துதான் இவன் இந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கான்!”

இப்படியொரு அநியாயத்தை குழந்தைராஜ் தன் ஆயுளில் கேட்டதில்லை. ஒரு புங்க இலையை வாயில் வைத்துக் கடித்தார். கசந்தது.

“ஆமாங்க சம்பந்தி” என்றார்.

இறங்கி வந்து முள்ளையும் அந்தக் கோலையும் கொடுத்தார். செல்லதுரை மீசையைத் தடவி, பதினாறடிக் கோலை வலது கையில் நட்டமாக ஊன்றி, இடது கையில் விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “கிளாட்சா, ஒரு போட்டோ எடு. ஒங்கம்மாவுக்கு அனுப்பு. ‘முடிஞ்சிது, பொண்ணு வீட்டுக் கோயில்லயே வச்சிக்கலாம்’னு போட்டு அனுப்பு.”

ஆறடிக் கிளாட்சன் வரப்பின் மேல் நின்றபடியே, நெஞ்சுக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்து எடுத்தான். கொண்டுவந்து காட்டினான். செல்லதுரை பார்த்தார். படத்தில் வானம் வரைக்கும் ஒரு கோல் இருந்தது. ஒரு மீன் இருந்தது. கோலுக்கு அடியில், முழங்காலுக்குக் கீழே சேற்றில் போய், ஏதோ நட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன ஆள் இருந்தார்.

வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு மீசையிலிருந்து ஒவ்வொரு மயிராக இறங்கியது.

“இது வேண்டாம்” என்றார் மெதுவாக. “அனுப்பாத.”

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரால் கையில் துள்ளியது. கிளாட்சன் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் மாமனாரைப் பார்த்தான்.

குழந்தைராஜ் அவன் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார். “வெளிச்சம் அந்தப் பக்கத்துலேருந்துல்ல தம்பி வருது, நீ எடுத்தது சரியில்ல” என்றார். வேட்டியைக்கூட மடிக்காமல் வாய்க்காலுக்குள் இறங்கினார். செல்லதுரைக்கு எதிரே போய்ச் சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றினார். கைப்பேசிக்குள் பார்த்தார். மற்ற முழங்காலையும் ஊன்றினார். மறுபடி பார்த்தார். போதவில்லை.

“கொஞ்சம் பொறுங்க சம்பந்தி, ஒங்க தலை மரத்துல இடிக்குது” என்று சொல்லிவிட்டு, முழங்கைகளையும் சேற்றில் பதித்து, கன்னம் தண்ணீரில் படுகிற அளவுக்கு இன்னும் ஒரு சாண் கீழே போனார்.